மிளகாய் டின்னில் இருந்த ஹார்டு டிஸ்க்

“டீச்சர், வீட்டுல ஒரு சர்வர் போடணும். எந்த டிஸ்க் வாங்கலாம், எத்தனை வாங்கலாம்?”

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் கம்பெனி பெயர், வேகம், வாரண்டி என்று நீங்களே ஒப்பிக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். எனக்குச் சுள்ளென்று வரும். அதெல்லாம் டப்பாவின் மேலேயே போட்டிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது வேறு. அந்த டிஸ்க் போனால் யார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார்கள்? அதை விசாரித்துக்கொண்டு வாருங்கள், பிறகு எத்தனை வாங்கலாம் என்று பேசுவோம்.

நான் ராமநாதபுரத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கப் போனவள். மெஷின் ரிப்பேருக்கு மதுரையிலிருந்து ஆள் வந்து சேர்வதற்குள் பரீட்சையே முடிந்துவிடும் என்பதால் ஸ்க்ரூ டிரைவரை நானே கையில் எடுத்தேன். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, அதையும் கழற்றினேன், அங்கேயே ஒரு ரிப்பேர் கடையும் போட்டேன். கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கிற இப்போதும் ‘டீச்சர்’ என்ற பெயர் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. ராமேஸ்வரத்து லாட்ஜில் உப்புக்காற்றுப் பட்டுத் துருவேறிய டிஸ்க், ஏர்வாடியில் பல்லி விழுந்து புகைந்த பவர் சப்ளை என்று எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவற்றில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நான் வாயடைத்துப்போய் நின்றது ஒரே ஒரு தடவைதான். அதை மட்டும் சொல்கிறேன், கேளுங்கள்.

2007 வாக்கில் நடந்தது. சாயல்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மிளகாய்க் காடும் பருத்திக் காடும் உள்ள குடும்பத்தில் இளையவர் முருகேசன். வெயிலில் நின்று வேலை வாங்க அவருக்குப் பிடிக்கவில்லை, கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணத்துக்குக் கல்யாணம் போனார். அவர் எடுத்து வருவதை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்ப்பது மனைவி செல்வி. இரண்டு பேரும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் வேலை பார்க்க, எல்லாப் பதிவுகளும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று வீட்டுப் பின்னறையில் ஒரு சர்வர் வைத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் வீட்டுக்குள் சர்வர் வைத்திருந்த ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அதைப் ‘பெரிய பொட்டி’ என்பார்.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். “ஒண்ணு போனா ஒண்ணு இருக்குல்ல டீச்சர், அப்புறமென்ன?” என்று சிரிப்பார். “ஒரே பொட்டிக்குள்ள ரெண்டு இருந்தா அது ரெண்டு இல்ல முருகேசன், ஒண்ணுதான்” என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மனுஷன் காதில் போட்டுக்கொண்டால்தானே.

ஒரு நாள் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனேன். “வேஸ்டை எல்லாம் அழிச்சு விடுங்க டீச்சர்” என்றார் முருகேசன். வேஸ்ட் என்றால் கேமரா பிடித்ததில் எடிட் செய்து கொடுத்தது போக மீதி. தாலி கட்டுவது, மாலை மாற்றுவது, பெரிய மனிதர்கள் மொய் எழுதுவது எல்லாம் கல்யாண வீட்டு சிடியில் போய்விடும். பந்தி, சமையல்கட்டு, வாசலில் நிற்கிற கூட்டம் இவையெல்லாம் மிஞ்சும். அதே கேசட்டில் அடுத்த கல்யாணத்தையும் மேலேயே எடுத்துவிடுவார் என்பதால் அந்த மிச்சம் இருப்பது டிஸ்க்கில் மட்டும்தான். யார் அதைத் திரும்பக் கேட்கப் போகிறார்கள்? எந்தெந்தக் கல்யாணம் என்று செல்வி வரிசையாக வாசிக்க, நான் முன்னறையில் அவள் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வாசலில் பேச்சியம்மா வந்து நின்றார்.

முருகேசன் குடும்பத்துக் காட்டில் மிளகாய்ப் பழம் எடுக்கிறவர் அவர். ஒரே மகன் முனீஸ்வரன், உப்பளத்து லாரியில் லோடு ஏற்றப் போனவன், லாரி கவிழ்ந்து அந்த வாரம்தான் இறந்துபோயிருந்தான். மீசை அரும்பிய வயசு. அந்த வீட்டில் அவன் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. பள்ளிக்கூடத்தை அஞ்சாவதோடு விட்டவன், ஓட்டுப்போடும் அட்டை வாங்கும் வயசு வருவதற்குள் போய்விட்டான்.

“சின்ன மொதலாளி, ஒங்க சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துல எம்மகன் பந்தில சாம்பாரு ஊத்துனான். ஒங்க கேமரா லைட்டு அவன் மேல அடிச்சுச்சாம். வீட்டுக்கு வந்து அவனே சொன்னான் சாமி. சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். அது இருக்குமா?”

செல்வி என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். அழிப்பதற்குத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த வரிசையில் அந்தக் கல்யாணமும் இருந்தது. என் விரல் மவுஸ் மேலேயே இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கையை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது.

அந்தத் தேர்வை ரத்து செய்துவிட்டு, அந்தப் பதிவைத் திறந்து ஓடவிட்டோம். பேச்சியம்மா உள்ளே வரவில்லை. அந்த வீட்டு நடையைத் தாண்டி அவர் வந்ததே இல்லை, வாசலில் நின்றபடிதான் திரையை எட்டிப் பார்த்தார். பந்தி ஓடியது. இலை, கை, தலை, வாளி. எனக்கு ஒருத்தரும் பிடிபடவில்லை. ஒரு முழங்கையும் வாளிப் பிடியும் ஓரத்தில் தெரிந்ததுதான் தாமதம், “இந்தா! அங்கன! எம்புள்ள!” என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் ஆளே திரைக்குள் வந்தான். வாளியோடு குனிந்து ஊற்றினான், யாரோ கூப்பிட நிமிர்ந்தான், வெளிச்சம் கண்ணில் அடிக்கச் சிரித்தான், தோளால் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான். முழங்கையை வைத்து ஒரு பிள்ளையை அடையாளம் காண முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதை நிறுத்திப் படமாக எடுத்துக் கொடுக்கப் பார்த்தோம். நிறுத்தினால் கலங்கல்தான், மூக்கும் இல்லை, முழியும் இல்லை. முருகேசன் தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தார், நானும் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. ஓடவிட்டால் மட்டும் அவன் முனீஸ்வரன், அசல் முனீஸ்வரன். “அப்ப நான் வந்து பாத்துக்கிறேன்” என்றார் பேச்சியம்மா. அதன்பிறகு காட்டு வேலை முடிந்து போகிற வழியில் வாசலில் வந்து நிற்பார். செல்வி கை வேலையை நிறுத்திவிட்டு ஓடவிடுவாள்.

வேஸ்ட் என்ற பேச்சு அந்த வீட்டில் அதோடு நின்றது. செல்வியே சொன்னாள்: “டீச்சர், இந்தச் சுத்துப்பட்டுல காடு கழனி வேல பாக்குற சனம் அம்புட்டும் இந்தப் பந்தியிலயும் சமையக்கட்டுலயுந்தான இருக்கு. வேற எங்கன இருக்கு?” முருகேசனும் என் பேச்சுக்கு இறங்கி வந்தார். சர்வரில் இருப்பதை அப்படியே இன்னும் இரண்டு தனி டிஸ்க்கில் ஏற்றுவது, அவற்றை வேறு வேறு இடத்தில் வைப்பது என்று முடிவானது. ஒன்று சாயல்குடியில் அவர் அண்ணனின் உரக்கடைக்குப் போனது. இன்னொன்றுக்குத்தான் இடம் தேடினோம். ராமேஸ்வரத்தில் செல்வியின் அண்ணன் வீடு கடலோரம், உப்புக்காற்று ஒத்துக்கொள்ளாது. என் கடைக்கு எடுத்துப் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்ற பேச்சியம்மா கேட்டார்:

“அதுக்குள்ளயும் முனீசு இருக்கானா?”

“இருக்கான்.”

“அப்ப அத எங்கிட்டக் குடுங்க.”

முருகேசனுக்கு முகம் மாறிவிட்டது. “ஏ பேச்சி, ஒங்க வீட்டுல கரண்டே கெடையாது, அத வச்சு என்ன செய்வ? ஒரு சிடி போட்டுத் தாரேன், போ.”

“சிடியா? காட்டுல கிளி வெரட்டக் கட்டித் தொங்கவிட்ருக்கீகளே, அதுவா? வேணாஞ்சாமி. இந்தப் பொட்டிதான் வேணும். பாக்குறதுக்கு இங்கன வாரேன். அவன் வீட்டுல இருக்கட்டும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அடங்கியும் விட்டது. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஓட்டு வீடு, கடலிலிருந்து தள்ளி, மண்ணும் வெயிலுமாகக் காய்ந்து கிடக்கிற தெரு. டிஸ்க்குக்குக் கரண்ட் எதற்கு, சும்மா இருக்கத்தானே போகிறது? “குடுங்க முருகேசன்” என்றேன். மாதத்துக்கு ஒருமுறை செல்வி போய் வாங்கி வந்து புதிதாகச் சேர்ந்ததை ஏற்றிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. பேச்சியம்மா அதைப் பிளாஸ்டிக் உறையோடு முனீஸ்வரனின் சட்டையில் சுற்றி, இறுக்கமாக மூடுகிற தகர டின்னுக்குள் காய்ந்த குண்டு மிளகாய்க்கு நடுவில் வைத்தார். எலியும் வராது, பூச்சியும் வராது, ஈரமும் ஏறாது. நான் போயிருந்தாலும் அதைவிட நல்ல இடம் பார்த்திருக்க மாட்டேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது.

உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அன்றைக்குத் தொழில் சாமான் எதுவும் விடுபடக் கூடாது. நானே என் சால்டரிங் அயர்னுக்குக் குங்குமம் வைக்கிறவள்தான். முருகேசன் பின்னறையில் பெஞ்சு போட்டு, சர்வரைத் துடைத்து நடுவில் வைத்து, கேமரா, லைட், கேசட் எல்லாவற்றையும் அடுக்கினார். கலர் பேப்பர் தோரணம் கட்டினார். உரக்கடையில் இருந்த டிஸ்க் நினைவுக்கு வந்திருக்கிறது. அதுவும் தொழில் சாமான்தானே, அதற்கு மட்டும் சந்தனம் வைக்காமல் விட்டால் மனசு கேட்குமா? வண்டியை எடுத்துக்கொண்டு போய் அதையும் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டார். பூஜை முடிந்தது. மறுநாள் காலைவரை எதையும் தொடக்கூடாது, விளக்கு எரியட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, உரக்கடைப் பூஜைக்குக் குடும்பத்தோடு கிளம்பிப் போனார்கள். சாயங்காலம் மழைக்கு முன்னால் ஒரு காற்று அடித்தது. ஜன்னல் கதவு திறந்துகொண்டது. விளக்கு சாய்ந்து தோரணத்தில் பிடித்தது, தோரணத்திலிருந்து கேமராப் பைக்கு, பையிலிருந்து பெஞ்சுக்கு. தெருச்சனம் கதவை உடைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தது. மனுஷருக்கு ஒன்றுமில்லை, அது சாமி புண்ணியம்.

மறுநாள் காலையில் நான் பஸ் பிடித்துப் போய் இறங்கியபோது முருகேசன் கரியும் சேறுமாகக் கிடந்த அறைக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டி உருகி ஒரு பக்கம் சரிந்திருந்தது. அண்ணன் கடை டிஸ்க் அதன் காலடியில் கிடந்தது, அதில் வைத்த சந்தனப் பொட்டு வெந்து ஓடாக ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்து ஆட்டிப் பார்த்தேன், உள்ளே கடகடவென்றது. சர்வருக்குள் இருந்த இரண்டும் அதே லட்சணம். எத்தனையோ செத்த டிஸ்க்குகளைக் கையில் பிடித்திருக்கிறேன். அதை மட்டும் கீழே வைக்க மனசு வரவில்லை.

“பேச்சி மூஞ்சில எப்படி முழிப்பேன் டீச்சர்?” என்றார் முருகேசன். பிழைப்பு போனதைப் பற்றி அவர் முதலில் பேசவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

“மூணாவது?” என்றேன். “அதையும் பூஜைக்கு எடுத்தாந்தீங்களா?”

செல்விதான் பதில் சொன்னாள். “எடுத்தாரக் கெளம்புனாரு டீச்சர். செருப்புக்கூட மாட்டிட்டாரு. நான்தான், அது துட்டி வீட்டுச் சாமான், இன்னும் வருசந் திரும்பல, சாமி முன்னாடி வைக்கக் கூடாதுன்னு தடுத்துட்டேன்.”

சாவு விழுந்த வீட்டுச் சாமானுக்குப் பூஜையில் இடமில்லை என்று ஒதுக்கி வைத்ததால் அது மட்டும் தப்பியிருக்கிறது. எந்தப் புத்தகத்தில் இப்படி ஒரு பாதுகாப்பு எழுதியிருக்கிறது? எனக்குக் கும்பிடத் தோன்றியது, யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

முருகேசன் குதித்து எழுந்தார். “இந்தா போயி வாங்கியாரேன். செல்வி கம்ப்யூட்டர் முன்னறையில நல்லாத்தான இருக்கு, அதுல மாட்டிப் பாத்துருவோம்.”

“மாட்டக் கூடாது.”

“இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்க வேணாமா டீச்சர்? நெஞ்சு வெடிச்சிரும் போலருக்கு.”

“வெடிக்காது. உக்காருங்க.”

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். மழைக்குப் பிறகு கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. தீயணைக்க ஊற்றிய தண்ணீரில் வயரிங் எல்லாம் ஊறியிருந்தது. நேற்றுவரை அது மூன்றில் ஒன்று, இன்றைக்கு அது ஒன்றே ஒன்று. மிஞ்சியது ஒன்று என்றால், இருக்கிறதா என்று பார்க்கிற ஆசைக்காக அதைத் தொடக்கூடாது. முதலில் புது டிஸ்க், நல்ல யூபிஎஸ், நனையாத இடம். அதெல்லாம் என் கடையில்தான் இருந்தது. அது தெரிந்தும் எனக்கே கை பரபரத்தது, கையைக் கட்டிக்கொண்டுதான் பேசினேன்.

செல்வியை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நானும் முருகேசனும் பேச்சியம்மா வீட்டுக்கு நடந்தோம். அந்தத் தெருவுக்குள் முருகேசன் போனதே அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பேச்சியம்மா டின்னை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் அடுப்பு சுத்தமாக இருந்தது.

“சாப்பிடலையா பேச்சிம்மா?” என்றேன்.

“சின்ன மொதலாளி வீட்டுல தீப்பிடிச்சிருச்சுன்னு சொன்னாக. அதுலருந்து நான் அடுப்பே பத்தவைக்கல தாயி.”

யூபிஎஸ், ஏர்த் கம்பி என்று வாய் கிழியப் பேசுகிற நான், ஒரு டிஸ்க்குக்காகப் பட்டினி கிடந்திருக்கிறேனா?

விஷயத்தைச் சொன்னோம். அவர் டின்னை இன்னும் இறுக்கிக்கொண்டார். “குடுக்க மாட்டேன். ஒங்க கையில இருந்ததெல்லாந்தான் எரிஞ்சு போச்சுல்ல.”

“குடுக்க வேணாம் பேச்சிம்மா” என்றேன். “நீங்களே தூக்கிட்டு வாங்க. என் கடையில வச்சு, உங்க கண்ணு முன்னாடிதான் செய்வேன்.”

முருகேசன் தன் வேனைக் கொண்டுவந்து முன்கதவைத் திறந்துவிட்டார். பேச்சியம்மா ஒரு நிமிஷம் அந்த சீட்டைப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் லைட் ஸ்டாண்டுகளோடு உட்கார்ந்தேன். வழியில் குழி வரும்போதெல்லாம் அவர் டின்னை மடியிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்துப் பார்த்து முருகேசனும் மாட்டு வண்டி வேகத்தில்தான் ஓட்டினார்.

கடையில் டின்னைத் திறந்ததும் மூன்று பேரும் தும்மித் தீர்த்தோம். மிளகாய் நெடி கண்ணைப் பிய்த்தது. சட்டையைப் பிரித்து, பிளாஸ்டிக் உறையைத் துடைத்து, டிஸ்க்கை வெளியே எடுத்தேன். ஒரு பொட்டு துரு இல்லை. மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். டிஸ்க் சுற்ற ஆரம்பித்தது. அந்தச் சத்தம் எனக்கு அத்தனை வருஷப் பழக்கம், ஆனாலும் காதைக் கொடுத்துக் கேட்டேன். திரையில் கல்யாணங்கள் வரிசையாக வந்து நின்றன.

“போடுங்க டீச்சர், பாத்துருவோம்” என்றார் முருகேசன்.

“காப்பி முடியட்டும்.”

திரையில் பச்சைப் பட்டை மெதுவாக நகர்ந்தது. பேச்சியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன தாயி ஓடுது?”

“முனீசு இந்தப் பொட்டியிலருந்து அந்தப் பொட்டிக்குப் போறான்.”

அவர் பதறிவிட்டார். “அப்ப இதுல இருக்க மாட்டானா?”

“இருப்பான். இதுலயும் இருப்பான், அதுலயும் இருப்பான்.”

அவர் அந்தப் பட்டையை நோக்கி இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். காலமெல்லாம் காப்பி எடுத்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு பொருள் குறையாமல் இரண்டாகிவிடுவது எத்தனை பெரிய அதிசயம் என்று அவர் கும்பிட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

காப்பி முடிந்தது. பழைய டிஸ்க்கைக் கழற்றி, சட்டையில் சுற்றி, முதலில் அவர் மடியில் வைத்தேன். பிறகு புதியதிலிருந்து பந்தியை ஓடவிட்டேன். முழங்கை வந்தது, வாளி வந்தது. முனீஸ்வரன் நிமிர்ந்து சிரித்தான், தோளால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனான். முருகேசன் குலுங்கிக் குலுங்கி அழுதார். பேச்சியம்மா அழவில்லை. “போயிட்டு வா” என்று மட்டும் திரையைப் பார்த்துச் சொன்னார்.

வந்தது முழுசாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. மற்ற கல்யாணங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து கொஞ்சம் கொஞ்சம் ஓடவிட்டேன். பேச்சியம்மா முன்னால் நகர்ந்து வந்தார்.

“இது பெரிய வீட்டுக் கல்யாணமில்ல? இந்தா, ஒங்க அய்யா உக்காந்துருக்காக. இது எங்க தெரு ராக்கு, வெங்காயம் உரிக்கிறா. இவுக போன வருசஞ் செத்துப்போன நாட்டாமை. இவுகள்லாம் எப்படி இங்கன வந்தாக?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த டிஸ்க்கில் அவர் மகன் மட்டும் இருப்பதாகத்தான் இத்தனை நாளும் அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் யாரும் வேறுவிதமாகச் சொல்லவே இல்லை.

“எல்லாரும் உங்க டிஸ்க்குலதான் இருந்தாங்க பேச்சிம்மா” என்றேன்.

“எந்த டிஸ்க்கு? எங்க டின்னுக்குள்ளயா?” அவர் முருகேசன் பக்கம் திரும்பினார். “இம்புட்டு சனமும் எங்க வீட்டுலயா இருந்துச்சு?”

முருகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆமா பேச்சிம்மா. உங்க வீட்டுலதான் இருந்துச்சு.”

அவர் மடியில் இருந்ததைக் குனிந்து பார்த்தார். பக்கத்தில் திறந்து கிடந்த டின்னைப் பார்த்தார். பிறகு திரையில் பந்தி பந்தியாக உட்கார்ந்திருந்த ஊரையே பார்த்தார்.

“அடியாத்தீ!” என்றார். “முன்னமே சொல்லிருந்தா பெரிய டின்னாப் பாத்து வச்சிருப்பனே.”